நொண்டும் குட்டியும் விரட்டும் குட்டியும்: மலையகத்தில் பன்றிக்குட்டிகளைக் கூட்டமாக வளர்ப்போருக்கு

ஆனி, ஆடி மாதங்களில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கங்களில் தென்மேற்குப் பருவமழை நாள் கணக்கில் பெய்யும்போது, லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் உள்ள பன்றிக் கொட்டில்களில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காணலாம். தீனி வாளியின் சத்தம் கேட்டதும் ஏழெட்டுக் குட்டிகள் தொட்டிக்குப் பாய்கின்றன. ஒன்று மட்டும் பின்னங்கால் ஒன்றின் குளம்பு நுனியை மட்டும் தரையில் தொட வைத்துக்கொண்டு சுவரோரமாக நிற்கிறது. அது தயங்கித் தயங்கித் தொட்டியை நெருங்கும்போது பெரிய குட்டி ஒன்று அதன் விலாவில் முகத்தால் இடித்துத் தள்ளிவிடுகிறது. திரும்பி ஓட முடியாத அந்தக் குட்டி வழுக்கி விழுந்து அலறுகிறது.

இதைப் பார்க்கும் வளர்ப்பாளர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். நொண்டும் குட்டிக்கு ஊசி போட ஆள் தேடுவார், அல்லது முரட்டுக் குட்டியைத் தடியால் அடித்து ஒதுக்குவார். நொண்டலும் விரட்டலும் ஒன்றையொன்று வளர்க்கும் ஒரே சிக்கல் என்பதை மனத்தில் கொள்ளாதவரை இவ்விரண்டும் பலன் தருவதில்லை. பன்றிகளுக்குள் தோற்ற குட்டி தலையைத் திருப்பிக்கொண்டு விலகி ஓடும். அந்த விலகலைக் கண்டவுடன் வென்ற குட்டியும் பெரும்பாலும் நிறுத்திவிடும். கால் வலிக்கும் குட்டியால் விலக முடியாது. ஆகவே தாக்குதல் நிற்பதில்லை. மறுபக்கம், விரட்டப்படும் குட்டி ஈரச் சிமெந்தில் சறுக்கித் தசையைப் பிடித்துக்கொள்கிறது, குளம்பைப் பெயர்த்துக்கொள்கிறது, முழங்காலைத் தேய்த்துக்கொள்கிறது. பசியால் மெலிந்ததும் கூட்டத்தில் அதன் இடம் இன்னும் கீழே போகிறது.

நான் வளர்க்கத் தொடங்கிய ஆண்டில் ஓரிடத்தில் ஐந்தும் வேறோரிடத்தில் மூன்றுமாகக் குட்டிகள் வாங்கி, எட்டடிக்கு ஆறடி அறையொன்றில் காலை வேளையில் ஒன்றாக இறக்கிவிட்டேன். மூன்றாம் நாள் ஒரு குட்டியின் பின்னங்கால் கணு வீங்கியிருந்தது. ஊசி போட்டு, இரண்டு நாள் தனியாக வைத்து, வீக்கம் குறைந்ததும் அதே அறைக்குள் விட்டேன். அன்றிரவே அது திரும்பவும் கடிபட்டது, அதன்பின் எழவில்லை. பக்கத்துக் காம்பராவில் (லயத்து வீட்டில்) பல வருடமாகப் பன்றி வளர்த்த பெரியம்மா ஒருவர் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "நொண்டுற குட்டியத்தான் மத்ததுக மெதிக்கும், தம்பி. ஊசிக்காரர அப்புறம் கூப்புடலாம், மொதல்ல தரையையும் தொட்டியையும் பாரு," என்றார். இக்கட்டுரையில் நான் சொல்லும் முறை பெரும்பாலும் அந்தச் சொல்லிலிருந்து வளர்ந்ததுதான்.

தூர நின்று பார்ப்பது

அறைக்குள் இறங்குவதற்கு முன், தீனி வைக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முந்தி, குட்டிகள் உங்களைக் கவனிக்காத இடத்தில் நின்று பாருங்கள். எவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கூட்டமாகப் படுத்திருக்கின்றன, எது தனியே சுவரோரம் அல்லது சாண மூலையில் படுத்திருக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஈரமான சாண மூலையில் எந்தக் குட்டியும் விரும்பிப் படுப்பதில்லை. அங்கே படுத்திருப்பது மற்றவை துரத்திய குட்டியாகவோ நோயுற்ற குட்டியாகவோ இருக்கும்.

பிறகு வாளியைத் தட்டி எழுப்புங்கள். கடைசியாக எழுவது எது, நாய்போல் பின்பக்கத்தில் உட்கார்ந்து தயங்குவது எது, நடக்கும்போது தலை மேலும் கீழும் ஆடுவது எது, முதுகை வளைத்துக்கொண்டு குறுகிய அடி வைப்பது எது என்று பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும் கணத்தில் தலை மேலெழும். நல்ல கால் ஊன்றும்போது தாழும். இந்த ஒன்றைக் கவனிக்கப் பழகிவிட்டால், எந்தக் கால் என்று தேடிப் பிடித்து அழுத்தும் வேலை பாதி குறையும்.

உடம்பில் உள்ள கீறல்களும் தகவல் சொல்லும். காதிலும் கழுத்திலும் தோள்பட்டையிலும் கீறல்கள் இருந்தால், அந்தக் குட்டி எதிர்த்து நின்று சண்டை போட்டிருக்கிறது என்று பொருள். புதிதாகச் சேர்த்த கூட்டத்தில் அது எதிர்பார்க்கக்கூடியது. கீறல்கள் தொடையிலும் பின்புறத்திலும் இருந்தால், ஓடும்போதோ தொட்டியில் நிற்கும்போதோ பின்னாலிருந்து மற்றவை கடித்திருக்கின்றன; விரட்டப்படும் குட்டி அதுதான். முன்பக்கக் கீறல்களுடன் கொழுத்து நிற்கும் குட்டியைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டு, பின்பக்கம் மட்டும் கடிபட்டு ஒட்டிய வயிற்றுடன் நிற்பதைக் கவனிக்காமல் விடும் தவறு அடிக்கடி நடக்கிறது.

காலைப் பிடித்துச் சோதிப்பது

பத்துப் பன்னிரண்டு கிலோ வரையுள்ள குட்டியை ஒருவர் மார்போடு அணைத்துப் பிடிக்க, மற்றவர் சோதிக்கலாம். அதற்கு மேற்பட்டதைப் பலகையொன்றால் மூலைக்கு ஒதுக்கி, நின்ற நிலையில் பார்ப்பது நல்லது. காதைப் பிடித்துத் தூக்குவதும் ஒரு காலில் தொங்கவிடுவதும் கூடாது. மூட்டு வலியுள்ள குட்டிக்கு அது புதிய காயமாகிவிடும்.

சோதனையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள், ஏனென்றால் காரணம் அடிக்கடி குளம்பிலேயே இருக்கும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் சேற்றைக் கழுவி, இரு குளம்புகளுக்கும் இடையிலுள்ள தோலை விரித்துப் பாருங்கள். சிறு கல், ஆணி, மிலாறுக் குச்சியின் (வெட்டிய தேயிலைக் கிளையின்) கூர்முனை ஆகியவை சிக்கியிருக்கலாம். குளம்பின் சுவரில் வெடிப்பு, அடிப்பகுதியில் தேய்ந்து சிவந்த இடம், குளம்பும் தோலும் சேரும் விளிம்பில் வீக்கம் அல்லது சீழ் இருக்கிறதா என்று பாருங்கள். அதன்பின் கணு, முழங்கால், தொடை என்று மேலே போய், ஒவ்வோர் இடத்திலும் புறங்கையை வைத்து மறுகாலின் அதே இடத்தோடு சூட்டை ஒப்பிடுங்கள். வீங்கிய மூட்டு, ஆரோக்கியமான மூட்டைவிடச் சூடாகவும் அழுத்தினால் துள்ளுவதாகவும் இருக்கும்.

வெப்பமானி ஒன்றைக் கொட்டிலுக்கென்றே வைத்திருப்பது வீண் செலவல்ல. குட்டியின் மலவாயில் வைத்துப் பார்க்கும்போது 39 பாகை செல்சியசை ஒட்டிய அளவு இயல்பானது. 40 பாகையைத் தாண்டினால், ஓய்வும் படுக்கையும் மட்டும் போதாத நிலை என்று எடுத்துக்கொண்டு மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். துரத்திப் பிடித்து ஓடிய களைப்பிலும் வெப்பம் சற்று உயரும் என்பதால், பிடித்தவுடன் பார்க்காமல் சிறிது நேரம் அமைதியாக வைத்திருந்து பாருங்கள்.

வயதும் காரணமும்

பிறந்து முதல் சில வாரங்களில் மூட்டுகள் வீங்கினால், தொப்புள் வழியாகவோ, ஊசிப் பற்களைச் சரியாக வெட்டாததால் உண்டான புண் வழியாகவோ, கரடான தரையில் தேய்ந்த முழங்கால் வழியாகவோ கிருமி இரத்தத்தில் புகுந்து மூட்டில் தங்கியிருக்கக்கூடும். தாய்ப்பால் மறக்கடித்த பின் வரும் வாரங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமியொன்று மூளையுறையைத் தாக்குவதுண்டு. அப்போது குட்டி தள்ளாடுவதும் பக்கவாட்டில் விழுந்து கால்களால் துழாவுவதும் நொண்டலைப்போல் தோன்றி ஏமாற்றும். சில மணி நேரத்திலேயே குட்டி இறந்துவிடக்கூடிய இந்நிலையில் காத்திருக்கக் கூடாது. முப்பது கிலோவைத் தாண்டிய குட்டிகளில் காய்ச்சல் பெரிதாக இல்லாமல் திடீரென மூட்டு வலி வந்தால் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி ஒரு காரணமாக இருக்கலாம். தோலில் சாய்சதுர வடிவத்தில் சிவந்து தடித்த திட்டுகளும் கடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் எரிசிபெலஸ் என்ற தொற்றுநோய் எனச் சந்தேகிக்கலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸும் எரிசிபெலஸும் மனிதரின் கைப்புண் வழியாகவும் தொற்றக்கூடியவை என்பதால், கையுறை இல்லாமல் சீழையும் இரத்தத்தையும் தொடாதீர்கள்.

நம் தோட்டங்களில் இன்னொரு காரணம் அதிகம் கவனிக்கப்படாமல் போகிறது. தவிடும் அடுப்படிக் கழிவும் கோவா (முட்டைக்கோஸ்) இலையும் மட்டுமே தின்று, பலகை அடைத்த இருட்டுக் கொட்டிலில் வளரும் குட்டிகளுக்கு எலும்பு மெலிந்து கால் வளையும். தவிட்டில் பாஸ்பரசு இருந்தாலும் அதன் பெரும்பகுதி பன்றியால் செரிக்க முடியாத வடிவில் கட்டுண்டிருக்கிறது. கல்சியமோ மிகக் குறைவு. வெயில் படாத உடம்பில் வைட்டமின் டீயும் உருவாவதில்லை. ஒரே நேரத்தில் பல குட்டிகள் காயமும் காய்ச்சலும் இல்லாமல் விறைத்து நடந்தால், ஊசியைத் தேடும் முன் தாதுப்புக் கலவை சேர்த்த தீனியையும் காலை வெயில் படும் திறப்பையும் ஏற்பாடு செய்யுங்கள்.

எதற்கும் காத்திருக்காமல் மிருக வைத்தியரிடம் சொல்ல வேண்டிய இரண்டு நிலைகள் உண்டு. ஒரே நாளில் பல குட்டிகள் நொண்டி, குளம்பு விளிம்பிலும் மூக்கின் மேலும் கொப்புளங்கள் தெரிந்தால் கால்-வாய் நோயாக இருக்கலாம். காதும் வயிறும் சிவந்து அல்லது நீலம் பாரித்து, தீனி மறுத்து, பின்கால் தள்ளாடி, அடுத்தடுத்து இறப்பு நேர்ந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலாக இருக்கலாம். 2024 இல் இலங்கையில் பரவிய அந்தக் காய்ச்சலுக்கு மருந்தில்லை. பன்றியிறைச்சி கலந்த எச்சில் தீனி, மண்ணொட்டிய செருப்பு, வாங்கி வரும் குட்டி ஆகியவை அதைக் கொட்டிலுக்குக் கொண்டுவரும். அத்தகைய சந்தேகம் எழுந்தால் ஒரு குட்டியையும் விற்காமலும் வேறிடத்துக்கு நகர்த்தாமலும் உடனே அறிவிப்பதே அக்கம்பக்கத்தவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி.

தரை

கொட்டிலின் தரை சரியா என்று அறிய நான் செய்யும் சோதனை எளியது. முட்டியிட்டு, கையை மூடி, விரல் முட்டிகளைத் தரையில் அழுத்தி ஒரு சாண் தூரம் இழுப்பேன். தோல் உரிந்தால், பால் குடிக்கும் நேரத்தில் முழங்காலில் நிற்கும் குட்டியின் தோலும் உரியும். அதே கை சோப்புப் பூசியதுபோல் வழுக்கினால், விரட்டப்படும் குட்டிக்கு அங்கே ஊன்றி நிற்க இடமில்லை. தேங்காய்த் தும்பு விளக்குமாற்றால் ஈரச் சிமெந்தின் மேல் இலேசாக இழுத்துவிட்ட மேற்பரப்பு இரண்டுக்கும் நடுவில் அமையும். புதிதாகப் பூசிய சிமெந்தின் காரம் இளம் குளம்பையும் தோலையும் அரிக்கும் என்பதால், பல தடவை கழுவி, சில வாரங்கள் விட்டபின்தான் குட்டிகளை விட வேண்டும்.

மலையகத்தில் கரட்டுத் தரையைவிட ஈரமே பெரிய எதிரி. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கும் குளம்பு ஊறிய நகம்போல் மென்மையாகி, சிறு கல்லும் வெட்டிவிடும். தரைக்குப் பத்தடிக்கு மூன்று அங்குலம் அளவில் சரிவு இருந்தால் சிறுநீர் தேங்காது. அச்சரிவு படுக்கும் பக்கத்திலிருந்து சாணமிடும் பக்கம் போக வேண்டும். தண்ணீர்க் குழாயும் சாணப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். குழாயைப் படுக்கும் மூலையில் பொருத்திய கொட்டில்களில் குட்டிகள் காய்ந்த இடத்துக்குப் போட்டியிட்டே சண்டை போடுகின்றன. தகரக் கூரையின் ஒழுக்கை அடைப்பதும், மலைச்சரிவின் மேற்பக்கத்து நீர் கொட்டிலுக்குள் இறங்காமல் கான் வெட்டுவதும் கால் வைத்தியத்தின் பகுதிகள் என்றே நான் கருதுகிறேன்.

படுக்கும் பகுதியில் நாலைந்து அங்குல உயரத்துக்குக் காய்ந்த படுக்கை போடுங்கள். வெலிமடைப் பக்கமிருந்து வைக்கோல் கிடைப்பவர்கள் வைக்கோலும், மற்றவர்கள் நறுக்கிக் காயவைத்த மானாப்புல்லும் பயன்படுத்தலாம். மழைக் காலத்துக்கென்று மாசி, பங்குனியிலேயே மானாப்புல்லை அறுத்துக் கட்டி, அடுப்பங்கரைப் பரணில் போட்டுவைத்தால் ஆனியில் அலைய வேண்டியதில்லை. மரத்தூளும் நல்லதுதான், மருந்தடித்த மரத்தின் தூளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த படுக்கையை அன்றன்றே அள்ளி, காய்ந்ததை மேலே போட வேண்டும்.

குளிரும் சண்டைக்குக் காரணமாகும். தாய்ப்பால் மறந்த புதிதில் குட்டிக்கு 26 முதல் 28 பாகை வரை வெப்பம் தேவை. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகைதான், தை மாத இரவுகளில் உறைபனியும் விழுகிறது. நடுங்கும் குட்டிகள் ஒன்றையொன்று நசுக்கி நடுவிடத்துக்குப் போட்டியிடும்போது, ஓரத்துக்குத் தள்ளப்படுவது எப்போதும் நொண்டும் குட்டியே. அறையின் உயர்ந்த பக்கத்தில் பலகையால் இரண்டரை அடி உயரத்துக்குத் தாழ்வான கூரை போட்டு, முன்னால் சாக்குத் திரை தொங்கவிட்டால், குட்டிகளின் உடற்சூடே அந்தச் சிறு இடத்தை வெதுவெதுப்பாக வைத்திருக்கும்.

இடவசதியைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 10 முதல் 20 கிலோ வரையுள்ள குட்டிக்கு 0.2 சதுர மீற்றரும், 20 முதல் 30 கிலோ வரைக்கு 0.3 சதுர மீற்றரும், 30 முதல் 50 கிலோ வரைக்கு 0.4 சதுர மீற்றரும் குறைந்தபட்சமாகக் கேட்கிறது. சாணம் கீழே விழுந்துவிடும் இடுக்குத் தரைகளிலேயே இது அடிமட்ட அளவு. நம் முழுத் தரைக் கொட்டில்களில் சாணப் பகுதியையும் விலகி ஓடும் இடத்தையும் சேர்த்து இதைப்போல் இருமடங்கு கொடுத்தால்தான் அமைதி நிலவுவதாக என் அனுபவம். இடம் இல்லையென்றால் குட்டிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

தொட்டியும் தண்ணீரும்

ஒரு நாளைக்கு இரண்டு வேளை தீனி வைக்கும் வழக்கமுள்ள நம்மிடையே, எல்லாக் குட்டிகளும் ஒரே நேரத்தில் தலையை நுழைக்கக்கூடிய தொட்டி அவசியம். 10 கிலோ குட்டிக்கு 13 சென்ரிமீற்றரும், 35 கிலோவுக்கு 20 சென்ரிமீற்றரும், 60 கிலோவுக்கு 23 சென்ரிமீற்றரும் தொட்டியின் நீளத்தில் தேவை. எட்டுக் குட்டிகள் 35 கிலோவை எட்டும்போது 160 சென்ரிமீற்றர், அதாவது ஐந்தேகால் அடித் தொட்டி வேண்டும். குட்டிகள் பதினைந்து கிலோவாக இருந்தபோது வாங்கிய மூன்றடித் தொட்டி, அவை வளர்ந்தபின் சண்டைக்களமாகிவிடுகிறது; இரண்டு மாதத்துக்கு முன்வரை ஒற்றுமையாக இருந்த கூட்டம் ஏன் திடீரெனக் கெட்டது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது தொட்டியின் நீளத்தைத்தான்.

ஒரே நீளத் தொட்டியைவிட, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு தொட்டிகள் வைப்பது மேல். எவ்வளவு முரடாக இருந்தாலும் ஒரு குட்டியால் இரண்டையும் ஒரே நேரத்தில் காவல் காக்க முடியாது. தொட்டிக்குக் குறுக்கே தோள் அகலத்துக்கு ஒன்றாகக் கம்பியோ மரச்சட்டமோ பொருத்தினால், பக்கவாட்டில் இடித்து நகர்த்துவதும் தொட்டிக்குள் படுப்பதும் குறையும். தீனி வைக்கும் நேரத்தையும் மாற்றாதீர்கள். கொழுந்தெடுக்கப் போகும் நாட்களில் ஒரு நேரமும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நேரமும் என்றால், பசித்த கூட்டம் காத்திருக்கும் நேரத்தில் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும்.

தண்ணீருக்கு நிப்பிள் குழாய் (குட்டி வாயால் அழுத்தினால் தண்ணீர் வரும் முனை) பொருத்தியிருந்தால் பத்துக் குட்டிக்கு ஒன்று என்பது கணக்கு. எட்டே குட்டிகள் இருந்தாலும் இரண்டைத் தள்ளித் தள்ளிப் பொருத்துங்கள். அரை லீற்றர் போத்தலை அதன் கீழ்ப் பிடித்து அழுத்தினால், ஒரு நிமிடத்துக்குள் நிரம்ப வேண்டும். அதைவிட மெதுவாக வந்தால் ஒவ்வொரு குட்டியும் நெடுநேரம் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும்; வரிசையில் கடைசியிலுள்ள நொண்டிக் குட்டி தாகத்தோடு திரும்பிவிடும். வறட்சி மாதங்களில் தோட்டத்துப் பீலித் தண்ணீர் வற்றும்போது, உப்பு மிகுந்த சோற்றுக் கழிவு தின்ற குட்டிகள் தண்ணீரின்றி உப்பு நஞ்சேறித் தள்ளாடுவதும் உண்டு.

புதிய குட்டிகளைச் சேர்ப்பது

வாங்கிய குட்டிகளை முப்பது நாள் வேறு இடத்தில், வேறு வாளியும் வேறு செருப்புமாக வைத்துப் பார்த்த பிறகே சேருங்கள். ஒரே எடையுள்ளவற்றை ஒன்றாகச் சேர்ப்பது, ஒரே தாயின் குட்டிகளைப் பிரிக்காமலிருப்பது, தனியொரு குட்டியை ஏற்கெனவே அமைந்த கூட்டத்துக்குள் விடாமல் குறைந்தது இரண்டு மூன்றாக விடுவது ஆகிய மூன்றையும் தவறாமல் கடைப்பிடியுங்கள். இயன்றால், இரண்டு கூட்டத்துக்கும் புதியதான, கழுவிக் காய்ந்த அறைக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். சொந்த இடம் என்று எதற்கும் உரிமை இல்லாதபோது சண்டை தணியும்.

மாலையில் நன்றாகத் தீனி கொடுத்து, வெளிச்சம் மங்கும் வேளையில் சேர்ப்பது என் வழக்கம். வயிறு நிறைந்த குட்டிகள் படுக்கத்தான் விரும்பும். அன்று அறையில் படுக்கையை வழக்கத்தைவிடத் தாராளமாகப் போட்டு, நடுவே மூன்றடி நீளமும் இரண்டடி உயரமுமான பலகையொன்றைச் சுவரிலிருந்து குறுக்காக நிறுத்துங்கள். அதன் மறுபக்கம் ஓடி மறைந்த குட்டியை மற்றது மறந்துவிடுவதை நீங்களே பார்க்கலாம். வாசனை எண்ணெய் அல்லது சாம்பல் பூசி எல்லாவற்றையும் ஒரே மணமாக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது சண்டையைச் சில மணி நேரம் தள்ளிப்போடுகிறது. தவிர்த்துவிடுவதாக நான் கண்டதில்லை.

முதல் ஒன்றிரண்டு நாள் சண்டை நடக்கத்தான் செய்யும். அவ்வப்போது சில நொடி தோளோடு தோள் முட்டி, காதைக் கடித்து, ஒன்று விலகிவிட்டால் தலையிடாதீர்கள். பாதியில் பிரித்த சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு குட்டி வாயைத் திறந்து மூச்சிரைத்தாலோ, விழுந்து எழ முடியாமல் கிடக்கும்போதும் கடிபட்டாலோ, மூன்றாம் நாளும் அதே குட்டி அதே குட்டியைத் தேடிப்போய்த் தாக்கினாலோ தலையிட வேண்டும். இரண்டுக்கும் நடுவே கையையோ காலையோ நீட்டாமல் பலகையை இறக்குங்கள்.

முரட்டுக் குட்டியை என்ன செய்வது

கடிபடும் குட்டியைத்தான் வெளியே எடுக்க வேண்டும் என்று கை தானாக நீளும். காயமோ நொண்டலோ இருந்தால் அது சரி. காயம் இல்லாமல் விரட்டல் மட்டும் நடக்கிறதென்றால், விரட்டுவதை இரண்டு மூன்று நாள் வெளியே எடுப்பது நல்லது. அது இல்லாத நாட்களில் மற்றவை தமக்குள் வரிசையை அமைத்துக்கொள்கின்றன, அது திரும்பும்போது பழைய இடம் எளிதில் கிடைப்பதில்லை. அடிப்பதால் எதுவும் நடக்காது. ஆளைக் கண்டால் மிரளும் கூட்டம் இன்னும் வழுக்கி விழும்.

முரட்டுத்தனத்துக்கு வேலையின்மையும் காரணம். பன்றி நாளெல்லாம் மண்ணைக் கிளறப் பிறந்த விலங்கு. வெறுஞ்சிமெந்தில் கிளற எதுவுமில்லாதபோது அடுத்த குட்டியின் வாலும் காதும்தான் கிடைக்கும். கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து விரல் பருமனான மிலாறுகளை எடுத்துக் கட்டி, தேங்காய்த் தும்புக் கயிற்றில் குட்டிகளின் கண்மட்டத்துக்குத் தொங்கவிடுங்கள். அண்மையில் மருந்தடித்த மலையின் குச்சியாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு நாளும் ஒரு கை மானாப்புல்லைப் புதிதாகத் தூவினாலே ஒரு மணி நேரம் அமைதி கிடைக்கும். வால் கடி தொடங்கிவிட்டால், இரத்தம் கசியும் குட்டியை அன்றே பிரித்துவிடுங்கள். இரத்தத்தின் சுவை மற்றவற்றையும் இழுத்துவரும்.

நோயறை

கொட்டில் கட்டும்போதே நாலடிக்கு நாலடியில் ஒரு சிறு அறையைத் தனியாக விட்டுவிடுங்கள். அதன் ஒரு பக்கம் மற்ற குட்டிகள் இருக்கும் அறையை ஒட்டியிருந்து, இடையே கம்பியோ இடைவெளி விட்ட பலகையோ இருக்க வேண்டும். மூக்கோடு மூக்கு மோந்துகொண்டிருந்த குட்டியைக் கூட்டம் அந்நியனாக்குவதில்லை. லயத்தின் மறுகோடியில் சில நாள் வைத்துவிட்டுக் கொண்டுவந்தால், புதிய குட்டியைப்போலவே தாக்கும். எனது முதல் வருடக் குட்டிக்கு நேர்ந்தது இதுதான். தொற்றுநோய் என்று வைத்தியர் சொன்னால் மட்டும் தொலைவில் வையுங்கள்.

நோயறையில் அரை அடிப் படுக்கை, எழாமலே எட்டக்கூடிய தட்டில் தண்ணீர், கூழாகக் கரைத்த தீனி மூன்று வேளை, குளிர் காலத்தில் சாக்குத் திரை ஆகியவை போதும். தனிமையில் குட்டி சோர்ந்துபோவதால், சாதுவான ஒரு கூடப்பிறந்த குட்டியையும் உடன் விடலாம். குளம்பில் காயம் இருந்தால், சிக்கியதை எடுத்து, கழுவித் துடைத்து, அயடீன் கரைசல் பூசி, காய்ந்த படுக்கையில் விடுங்கள். கூட்டத்தில் பலவற்றுக்குக் குளம்பு மென்மையாகியிருந்தால், நூற்றுக்கு ஐந்து அளவில் மயில்துத்தம் கரைத்த ஆழமற்ற தொட்டியில் நடக்கவிடலாம். அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாமலும் பிறகு ஓடையில் கொட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டு வீக்கத்துக்கும் ஆழமான சீழுக்கும் நுண்ணுயிர்க்கொல்லியும் வலிநிவாரணியும் தேவைப்படும். எது, எவ்வளவு என்பதைப் பிரதேச அரச மிருக வைத்தியர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் மிஞ்சிய மனித மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். வீக்கம் வற்றியதும் ஊசியைப் பாதியில் நிறுத்தினால் மூட்டில் கிருமி மிஞ்சி, பின்னர் நிரந்தர நொண்டலாகும். ஊசி போட்ட நாளையும், இறைச்சிக்கு விற்கக் காத்திருக்க வேண்டிய நாட்களையும் சுவரில் கரியால் எழுதிவையுங்கள். சிகிச்சை தொடங்கி இரண்டு நாளுக்குப் பின்னும் எழவோ தின்னவோ முடியாத குட்டியைக் கிடந்து வாடவிடாமல், வைத்தியரைக் கேட்டு வலியின்றி முடித்துவிடுவதே அதற்குச் செய்யும் நியாயம். இதை எழுதுவது எனக்கும் எளிதல்ல.

மீண்டும் கூட்டத்தில்

நான்கு கால்களையும் சமமாக ஊன்றி, வாளிச் சத்தத்துக்கு உடனே எழுந்து, இரண்டு நாள் அப்படியே இருந்தால்தான் குட்டியைத் திருப்பிவிடலாம். நோயறையில் உடனிருந்த குட்டியையும் சேர்த்து விடுங்கள். துணையோடு திரும்பும் குட்டியை மற்றவை குறைவாகவே சீண்டும். மாலையில், தீனிக்குப்பின், புதுப் படுக்கை போட்டு, குறுக்குப் பலகையை மறுபடி நிறுத்தி விடுங்கள். இருட்டும் வரை அங்கேயே நில்லுங்கள். மறுநாள் காலை வெளிச்சம் வருமுன் டோர்ச் லைட்டோடு ஒருமுறை போய்ப் பாருங்கள். குட்டி சுவரோரமாகத் தனியே கிடந்தால் துணையோடு நோயறைக்கே திருப்பி, இன்னும் நாலைந்து நாள் பொறுங்கள். கூட்டத்தின் நடுவே, வேறொன்றின் வயிற்றில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தால், குறுக்குப் பலகையை மட்டும் இன்னும் ஒரு வாரம் எடுக்காமல் விடுங்கள்.